இரண்டாம் பாகம் ஏமாற்றினால் கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா?

கேள்வி: விண்வெளியில் நடக்கும் அறிவியல் புனைகதை அதிரடி வீடியோ கேம் ஒன்றின் முதல் பாகத்தை நானும் தம்பியும் ஒன்றாக விளையாடி முடித்தோம். இரண்டாம் பாகத்தைச் சென்ற மாதம் ஹட்டன் நகரிலுள்ள ஒரு கடையில் 21,000 ரூபா கொடுத்து வாங்கினேன். ஒரே தொலைக்காட்சியில் இருவர் விளையாடலாம், இணையம் தேவையில்லை என்று கடையின் பேஸ்புக் விளம்பரத்தில் இருந்தது. வீட்டில் போட்டுப் பார்த்தபோது, இருவர் விளையாடுவதற்கு இணைய இணைப்புக் கட்டாயம் என்று தெரிந்தது. எங்கள் லயத்தில் சிக்னல் நிற்பதே இல்லை. மறுநாளே கடைக்குப் போய்ச் சொன்னேன். ‘விற்ற பொருள் மீள ஏற்கப்படமாட்டாது’ என்று பற்றுச்சீட்டில் இருப்பதைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு தனியாக விளையாடி முடித்தேன். கதை தொய்வாகவும் முடிவு சப்பென்றும் இருக்கிறது. தயாரித்த நிறுவனத்தின் மீது வழக்குப் போட முடியுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு குறைகள் கலந்திருக்கின்றன. கதை எதிர்பார்த்தபடி இல்லை என்பது ஒன்று. விளம்பரத்தில் சொன்ன வசதி பொருளில் இல்லை என்பது மற்றொன்று. முதலாவதற்குச் சட்டத்தில் பரிகாரம் இல்லை. இரண்டாவதற்கு உண்டு, அதுவும் வலுவாகவே உண்டு.

முதல் பாகத்தை நேசித்தவருக்கு இரண்டாம் பாகம் தரும் ஏமாற்றம் சிறியதல்ல என்பதை நான் உணர்கிறேன். ஆயினும் கதையின் சுவையை அளந்து தீர்ப்புச் சொல்வதற்கு எந்த நீதிமன்றத்திடமும் அளவுகோல் கிடையாது. 2012 இல் மாஸ் எஃபெக்ட் 3 என்ற விண்வெளி வீடியோ கேம் வெளிவந்தபோது, விளையாடுபவரின் தெரிவுகளே கதையின் போக்கையும் முடிவையும் தீர்மானிக்கும் என்ற விளம்பரத்திற்கு மாறாக முடிவுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன என்று ரசிகர்கள் பிரித்தானிய விளம்பரத் தர நிர்ணய ஆணையத்திடம் முறையிட்டனர்; ஆணையம் அந்த முறைப்பாட்டை ஏற்கவில்லை. தயாரிப்பாளர்கள் முடிவை விரிவாக்கி இலவசமாக வெளியிட்டார்கள். அது ரசிகர்களின் அழுத்தத்தால் நடந்ததே தவிரச் சட்டத்தின் கட்டளையால் அல்ல. மறுபுறம், 2013 இல் ஏலியன்ஸ்: கொலோனியல் மரீன்ஸ் விளையாட்டின் முன்னோட்டத்தில் காட்டப்பட்ட காட்சிகள் விற்பனைக்கு வந்த விளையாட்டைச் சரியாகப் பிரதிபலிக்கவில்லை என்ற முறைப்பாடு அதே ஆணையத்திடம் சென்றபோது, அதை வெளியிட்ட சேகா நிறுவனம் முன்னோட்டங்களில் விளக்கக் குறிப்புச் சேர்க்க இணங்கியது. கண்ணால் ஒப்பிட்டுச் சரிபார்க்கக்கூடிய விடயம் என்பதால்தான் அங்கே முறைப்பாடு எடுபட்டது. உங்களுடைய இரண்டாவது குறையும் அந்த வகையைச் சேர்ந்ததே.

இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் எந்த நடத்தையிலும் வர்த்தகர் ஈடுபடக்கூடாது என்கிறது. 31 ஆம் பிரிவு பொருளைப் பற்றிய பொய்யான கூற்றுகளைத் தடுக்கிறது. இணையம் இல்லாமல் இருவர் விளையாடலாம் என்பது உண்மையா பொய்யா என்று எவரும் பத்து நிமிடத்தில் சோதித்துப் பார்க்கலாம். வர்த்தகர் வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ அளித்த உத்தரவாதத்திற்குப் பொருள் இணங்காதபோது 13 ஆம் பிரிவின் கீழ் முறைப்பாடு செய்யலாம். விசாரணையின் பின் நட்டஈடு வழங்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ அதிகாரசபை கட்டளையிடலாம். 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும், விவரணத்தைக் கொண்டு விற்கப்பட்ட பொருள் அந்த விவரணத்துடன் பொருந்த வேண்டும் என்கிறது. பற்றுச்சீட்டில் அச்சிட்ட ஒரு வரி இந்தச் சட்டங்களுக்கு மேலானது என்று கடைக்காரர் நினைப்பது தவறு.

ஆனால் அவர் தரப்பில் இரண்டு வாதங்கள் எழும். உறையின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எத்தனை பேர் விளையாடலாம், இணையவழியில் எத்தனை பேர் என்று சிறிய கட்டங்களில் தனித்தனியே அச்சிட்டிருப்பார்கள். அதை வாசித்துவிட்டுத்தானே வாங்கினீர்கள் என்று கேட்பார். கடையே வேறு விதமாக விளம்பரம் செய்திருக்கும்போது, உறையில் ஆங்கிலத்தில் உள்ள நுண்ணெழுத்தின் பின்னால் அது ஒளிந்துகொள்வதை அனுமதிக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டாவது வாதம் கனமானது. மறுநாளே குறையைச் சொன்னது உங்களுக்குச் சாதகம். அதன் பிறகும் முடிவு வரை விளையாடியது பாதகம். பொருளை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்பட்டால், விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் கீழ் முழுப் பணத்தையும் மீளக் கோருவது கடினமாகி, நட்டஈடு மட்டுமே எஞ்சலாம். ஆகவே இனி அந்த இறுவட்டைத் தொடாமல் உறையிலிட்டு வைத்துவிடுங்கள்.

தயாரித்த நிறுவனத்தின் மீதான வழக்கை மறந்துவிடுங்கள். உங்களுக்கு விற்றவர் ஹட்டனில் இருக்கிறார். அந்தத் தவறான கூற்றும் அவருடையது. கடல் கடந்த நிறுவனத்தைத் துரத்தும் செலவு விளையாட்டின் விலையைப் போல் பல மடங்காகும்.

முதலில் விளம்பரத்தைத் திகதி தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். நீங்கள் முறையிட்ட செய்தி கிடைத்ததும் கடை அதை அழித்துவிடக்கூடும். பின்னர் பணத்தைத் திருப்பித் தருமாறு கோரும் கடிதமொன்றைப் பதிவுத் தபாலில் கடைக்கு அனுப்பி, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் வழிகாட்டலும் பெறலாம். தமிழில் எழுதத் தயங்க வேண்டாம். அரச அலுவலகங்களுடன் தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பின் 4 ஆம் அத்தியாயம் உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. தோட்டப் பகுதிகளிலிருந்து வரும் பலர் சிங்களத்தில் எழுத ஆள் தேடியே நாட்களை இழப்பதைக் காணும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. அயலிலேயே பேசித் தீர்க்க விரும்பினால், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்கும் மத்தியஸ்த சபையை நாடலாம். எனினும் அங்கே போய்வருவதில் காலத்தைக் கடத்திவிடாதீர்கள்: 13 ஆம் பிரிவின் கீழான முறைப்பாடு விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் செய்யப்பட வேண்டும். அந்தக் காலம் பற்றுச்சீட்டிலுள்ள திகதியிலிருந்தே ஓடுகிறது, கடைக்காரர் மறுத்த நாளிலிருந்து அல்ல.