வெள்ளை மைக்கு அடியில் சிவப்பு

கேள்வி: என் அப்பாவுக்கு இதய நோயும் சர்க்கரை நோயும் உண்டு. மூன்று மருத்துவர்களிடம் காட்டுகிறோம். ஒவ்வொரு முறையும் காகிதக் கட்டைச் சுமந்துகொண்டு அலைகிறேன். எல்லாவற்றையும் பிளாக்செயினில் ஏற்றிவிட்டால் அலைச்சல் தீரும், யாரும் திருடவும் முடியாது என்கிறார் ஒரு நண்பர். நம்பலாமா?
– ஒரு வாசகி

பதில்: அந்தக் கட்டின் கனம் எனக்குத் தெரியும், சகோதரி. இருபத்தாறு ஆண்டுகள் மருத்துவமனைப் பதிவேட்டு அறையில் வேலை பார்த்தவள் நான்.

ஒருநாள் என் மேசைக்கு வந்த கேஸ் ஷீட்டில், ‘பென்சிலின் ஒவ்வாமை’ என்று சிவப்பில் எழுதிய வரியின் மேல் வெள்ளை மை பூசியிருந்தது. தாளை விளக்குக்கு நேரே பிடித்தபோதுதான் அடியில் சிவப்பு தெரிந்தது. பூசியது யார், எப்போது என்று கடைசிவரை தெரியவில்லை. ஊசி போடும் முன் நோயாளியின் மகள் சொல்லியதால் உயிர் தப்பியது. இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

பக்கங்களைச் சங்கிலிபோல் ஒன்றோடொன்று பிணைத்த கணினிப் பதிவேடுதான் பிளாக்செயின். அதில் ஏறியதை யாருக்கும் தெரியாமல் மாற்றுவது மிகக் கடினம். அதை நான் ஆதரிப்பது இதற்காகத்தான். ஆனால் அப்பாவின் ஸ்கேன் படங்களை அதில் ஏற்றக் கூடாது. ஏறியதை அழிப்பது மிகக் கடினம். நகல்களோ பல கணினிகளில் இருக்கும். ஆகவே பதிவுகள் மருத்துவமனை சர்வரிலேயே இருக்க வேண்டும். பிளாக்செயின் சங்கிலியில் அவற்றின் கைரேகை போன்ற ஓர் அடையாளம் மட்டும் ஏற வேண்டும். ‘எஸ்எச்ஏ-256’ என்ற கணக்கு முறை எவ்வளவு பெரிய கோப்புக்கும் 64 குறிகள் கொண்ட ஒரு வரியைத் தரும். அதுதான் அந்தக் கைரேகை. மருந்துச் சீட்டில் 5 மில்லிகிராமை 50 என்று திருத்திப் பாருங்கள், அந்த வரியே அடியோடு மாறிவிடும். பூசி மறைக்க முடியாது. பதிவை யார், எப்போது திறந்தார் என்ற குறிப்பையும் இப்படியே காக்கலாம். எஸ்தோனியா என்ற ஐரோப்பிய நாட்டில் தம் மருத்துவப் பதிவைப் பார்த்தவர் யார் என்று குடிமக்களே பார்க்க முடிகிறது.

திருட முடியாது என்பதை மட்டும் நம்பாதீர்கள். சர்வரில் காவல் தளர்ந்தால் பதிவு களவு போகும். மருத்துவர் முதலிலேயே தவறாக எழுதினால், அந்தத் தவறும் அப்படியே பத்திரமாக இருக்கும். அலைச்சலும் சங்கிலியால் மட்டும் தீராது. மூன்று மருத்துவமனைகளின் கணினிகளும் ஒரே முறையில் பதிந்தால்தான் ஒன்றின் பதிவை மற்றொன்று படிக்க முடியும்.

எனக்குப் பெரிய கவலை சாவியைப் பற்றியது. பதிவைத் திறக்க ஒப்புதல் தரும் ரகசியச் சாவி அப்பாவின் கைப்பேசியில் இருக்கிறது என்று வையுங்கள். அவர் நினைவிழந்து கிடக்கும் நள்ளிரவில் அதைத் தருவது யார்? அவசரத்துக்குத் திறக்கும் வழியும், தொலைந்த சாவியை மீட்கும் வழியும் உண்டா என்று கேட்காமல் எந்தத் திட்டத்திலும் சேராதீர்கள்.

அதுவரை, மருந்துகள், அளவு, ஒவ்வாமை மூன்றையும் ஒரே தாளில் எழுதி, தேதியிட்டு அப்பாவின் சட்டைப்பையில் வையுங்கள். மருந்து மாறிய அன்றே புதிய தாள் எழுதுங்கள்.