இன்னும் யாருமே உடுத்தாத ஃபேஷன்

கேள்வி: ஒரு பக்கத்தில் 'ஃபேஷன் உலகம்' என்று உடுப்புகளைக் கொண்டாடுகிறார்கள். அடுத்த பக்கத்தில் 'குறை சொல்வது இப்போது ஃபேஷனாகிவிட்டது' என்று திட்டுகிறார்கள். பத்திரிகைக்காரர்களுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியாதா, தெரியாத மாதிரி நடிக்கிறார்களா?

பதில்: நன்றாகவே தெரியும். ஒரு சொல்லுக்கு நாலு அர்த்தம் இருப்பது குற்றமில்லை. 'படி' என்றால் ஏறுவதா, அளப்பதா, வாசிப்பதா என்று யாரும் திணறுவதில்லையே. ஃபேஷனும் அப்படித்தான்: ஒரு தொழிலின் பெயர், பலரும் உடுத்துகிற பாணி, அப்புறம் நீங்கள் சொன்ன வசை. என் புகார் வேறு. ஒரு அர்த்தத்தில் ஆரம்பித்த கட்டுரை, வாசகர் அசந்த நேரத்தில் இன்னொன்றுக்குத் தாவிவிடுகிறது.

பாரிஸ் காட்சிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் கடைசியில் மேடையேறுபவை அடுத்த ஆண்டு வசந்த, கோடைகாலத்துக்கான உடைகள். கடைக்கு வரவே மாதங்கள் ஆகும். ஆனால் மறுநாள் செய்தியில், 'இனி தொளதொள கால்சட்டைதான் ஃபேஷன்!' யாருக்கு? மேடையில் நடந்த மாடல்களைத் தவிர ஒருவர்கூட இன்னும் அதைப் போடவில்லை. தொழில் என்ற அர்த்தத்தில் அது ஃபேஷன்தான். ஊர் உடுத்துவது என்ற அர்த்தத்தில் வெறும் ஆரூடம். ஆரூடத்தை நடப்புச் செய்தி போல எழுதினால் விளம்பரதாரருக்குக் கசக்குமா என்ன?

பெயர் சூட்டுவதும் பலமுறை பத்திரிகைதான். 1947 பிப்ரவரியில் பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் தன் முதல் தொகுப்பைக் காட்டியபோது, அதன் முக்கிய பாணிக்கு அவர் வைத்திருந்த பெயர் 'கொரோல்'. பூவின் இதழ்வட்டம் என்று பொருள். இன்று எல்லோரும் சொல்லும் 'நியூ லுக்' (புதுத் தோற்றம்) என்ற பெயர் 'ஹார்ப்பர்ஸ் பஜார்' என்ற அமெரிக்க ஃபேஷன் பத்திரிகையின் ஆசிரியர் கார்மல் ஸ்னோவின் வாயிலிருந்து வந்தது. போர்க்காலத் துணித் தட்டுப்பாடு தீராத நேரத்தில் கஜக்கணக்கில் துணி விழுங்கிய பாவாடைகள் அவை. எதிர்த்துப் பெண்கள் தெருவில் நின்றதும் உண்டு. நிலைத்தது என்னவோ ஸ்னோ சொன்ன பெயர்தான்.

இந்தச் சொல் காணாமல் போகிற இடமும் ஒன்று உண்டு. நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில், டாக்காவை அடுத்த சாவரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முந்தைய நாளே விரிசல் கண்டிருந்தது. கீழ்த்தளங்களில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தையல் தொழிலாளர்களை மட்டும் வேலைக்கு வரச் சொன்னார்கள். அங்கே தைத்தவை மேலைநாட்டுக் கடைகளில் ஃபேஷன் என்று விற்ற உடுப்புகள். ஆனால் செய்திகளில் பெரும்பாலும் அது 'ஆடைத் தொழிற்சாலை விபத்து'. அதே சட்டை மாடலின் தோளில் ஏறியதும் ஃபேஷன் பக்கத்துக்குப் போய்விடும். தைத்தவள் வணிகப் பக்கத்திலோ வெளிநாட்டுச் செய்தியிலோ கிடப்பாள். இதை அர்த்தம் தெரியாமல் செய்கிறார்கள் என்று நீங்கள் நம்பினால், உங்களுக்கு நல்ல மனசு.

சரி, நீங்கள் கேட்ட வசைக்கு வருகிறேன். '...ஃபேஷனாகிவிட்டது' என்பது கருத்துக் கட்டுரைக்காரரின் சோம்பேறித்தனம். அந்த ஒரு வரியில் இரண்டு குற்றச்சாட்டுகள் இருக்கின்றன. நிறையப் பேர் செய்கிறார்கள் என்பது ஒன்று. மனமறிந்து செய்யவில்லை, அடுத்தவரைப் பார்த்துச் செய்கிறார்கள் என்பது இன்னொன்று. எத்தனை பேர் என்று எண்ணவும் வேண்டாம், அவர்களில் ஒருவரிடம் போய் ஏன் என்று கேட்கவும் வேண்டாம். சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசினால் ஃபேஷன், மனநோய்க்கு வைத்தியம் பார்த்தால் ஃபேஷன், பெண்கள் சம சம்பளம் கேட்டால் அதுவும் ஃபேஷன். என் மேசைக்கு வரும் கட்டுரையில் இந்த வரியைப் பார்த்தால் அடித்துவிட்டு, ஓரத்தில் 'யார்? எத்தனை பேர்?' என்று எழுதித் திருப்பி அனுப்புவேன். பெரும்பாலும் கட்டுரை திரும்பி வரும். அந்த வரி வராது.