வாங்கும் முன் கேளுங்கள்: மூச்சுக்கு மருந்து

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சளி, இருமல், ஆஸ்துமா பற்றியவை. யாருக்கு என்ன நோய், எந்த மருந்து என்று முடிவு செய்வது டாக்டரின் வேலை. காசு கொடுத்து வாங்கிய பொருள் சொன்ன வேலையைச் செய்யுமா என்று பார்ப்பதுதான் இந்தப் பகுதியின் வேலை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஆஸ்துமாவுக்கு சால்பியூட்டமால் இன்ஹேலர் மட்டும் வைத்திருக்கிறேன். மாதம் ஒன்று தீர்ந்துவிடுகிறது. அளவு குறைத்து விற்கிறார்களா? அதிக நாள் வரும் பிராண்டு எது?

பதில்: அளவில் குறையில்லை. ஒரு இன்ஹேலரில் பொதுவாக 200 பஃப் இருக்கும். மாதத்தில் அது தீர்கிறது என்றால் தினமும் ஆறு, ஏழு முறை அழுத்துகிறீர்கள். கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான். சால்பியூட்டமால் சுருங்கிய மூச்சுக்குழாயைச் சில மணி நேரத்துக்கு விரித்துவிடும். உள்ளே இருக்கும் அழற்சியை அது தொடுவதே இல்லை. அதற்கு, உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு வேண்டும். ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுதலான ஜினா, பெரியவர்களுக்கும் பதின்வயதினருக்கும் சால்பியூட்டமாலை மட்டும் தனியாகக் கொடுப்பதை 2019-லேயே கைவிட்டுவிட்டது. வருடத்துக்கு மூன்று இன்ஹேலர் தீர்ந்தாலே கடுமையான இளைப்பு வரும் ஆபத்து அதிகம், பன்னிரண்டு தீர்ந்தால் உயிருக்கே ஆபத்து அதிகம் என்கிறது அதே வழிகாட்டுதல். நீங்கள் அந்தப் பன்னிரண்டில் நிற்கிறீர்கள். பிராண்டு விசாரிப்பதை நிறுத்திவிட்டு இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: இன்ஹேலர் குப்பியைத் தண்ணீரில் போட்டு, மிதந்தால் காலி என்று கண்டுபிடிக்கலாமாமே?

பதில்: முடியாது. மீதி எத்தனை பஃப் என்று காட்டும் எண்காட்டி உள்ளதாக வாங்குங்கள்.

கேள்வி: இன்ஹேலர் பழகிவிட்டால் விட முடியாது என்கிறார்கள். அதனால் பையனுக்கு சால்பியூட்டமாலை மாத்திரையாக வாங்குகிறேன். கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்கிறான். வேறு கம்பெனி மாத்திரை மாற்றலாமா?

பதில்: கம்பெனியை மாற்றி என்ன ஆகப்போகிறது? இன்ஹேலரில் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். மாத்திரை 2 அல்லது 4 மில்லிகிராம். அதாவது நான்கு மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் இருப்பது நாற்பது பஃப் மருந்து. நுரையீரலுக்கு நேராகப் போக வேண்டியதை வயிறு வழியாக ஊர் சுற்ற விட்டால், போகும் வழியில் இதயத்தையும் கையையும் தொட்டுவிட்டுத்தான் போகும். அந்தப் படபடப்பு அதனால் வருவதுதான். இன்ஹேலர் போதைப்பொருள் இல்லை. நோய் நீண்டகாலம் இருப்பதால் மருந்தும் நீண்டகாலம் தேவைப்படுகிறது, அவ்வளவுதான். ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழாயோடு சேர்த்துக் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கும் எளிது. ஸ்பேசரை சோப்புத் தண்ணீரில் கழுவித் தானாக உலர விடுங்கள். துணியால் துடைத்தால் உட்புறத்தில் மின்னூட்டம் ஏறி, மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: மூக்கடைப்புக்கு ஒரு சளி மாத்திரை வாங்கினேன், கேட்கவில்லை. இன்னொரு பிராண்டு வாங்கினேன், அதுவும் கேட்கவில்லை. காய்ச்சலுக்குத் தனியாக ஒன்று போடுகிறேன். எது நல்ல சளி மாத்திரை?

பதில்: சரி, இதற்காகத்தான் காத்திருந்தேன்.

இரண்டு அட்டைகளையும் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கத்தில் பெயரும் மின்னல் படமும் வேறு வேறாக இருக்கும். பின்பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்தால் மட்டும் தெரிகிற எழுத்தில், பெரும்பாலும் ஒரே மூன்று பெயர்கள்: பாராசிட்டமால், குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின். என் வீட்டு மருந்து டப்பாவிலும் நான்கு பெயரில் வாங்கிய நான்கு அட்டைகள் கிடக்கின்றன. நான்கிலும் இதே மூவர்தான்.

இதில் மூக்கடைப்பைத் திறக்க வேண்டியது ஃபினைலெஃப்ரின். அதன் கதையைக் கேளுங்கள். முன்பு இந்த மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் இருந்தது, அது வேலையும் செய்தது. அதிலிருந்து மெத் என்ற போதைப்பொருளைக் காய்ச்ச ஆரம்பித்ததும், 2006-இல் அமெரிக்கா அதைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. வாங்குபவர் அடையாள அட்டை காட்ட வேண்டியதாயிற்று. கம்பெனிகள் என்ன செய்தன? பல மாத்திரைகளில் அதை எடுத்துவிட்டு ஃபினைலெஃப்ரினை வைத்தன. பிராண்டு பெயர் ஏறக்குறைய அதேதான். வாய்வழியாகச் சாப்பிடும் ஃபினைலெஃப்ரினில் பெரும்பகுதி குடலிலேயே சிதைந்துவிடுகிறது, மூக்குக்குப் போய்ச் சேருவது சொற்பம். 2023 செப்டம்பரில் எஃப்டிஏ எனப்படும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு, இது மாத்திரையாக வேலை செய்யவில்லை என்று ஒருமனதாகச் சொன்னது. 2024 நவம்பரில் எஃப்டிஏ, கடையில் சீட்டு இல்லாமல் விற்கும் பட்டியலிலிருந்து அதை நீக்க முன்மொழிந்தது. ஆபத்து என்பதற்காக இல்லை, பயனில்லை என்பதற்காக. அதாவது இத்தனை வருடம் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனவர்களெல்லாம் காசு கொடுத்தது அட்டைக்கு.

பாராசிட்டமால் விஷயம் வேறு. அது வேலை செய்யும், அதனால்தான் பயம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் உச்சவரம்பு. அதைத் தாண்டினால் அடி விழுவது கல்லீரலுக்கு. இரண்டு பிராண்டிலும் 500 மில்லிகிராம், தனிக் காய்ச்சல் மாத்திரையில் 650 என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் மூன்று வேளை போட்டால் 4,950 மில்லிகிராம். எல்லாமே சீட்டு கேட்காமல் கொடுத்த மாத்திரைகள். குளோர்ஃபெனிரமின் தூக்கத்தைக் கொண்டுவரும், வண்டி ஓட்டுகிறவர்கள் அதையும் கணக்கில் வையுங்கள்.

காய்ச்சல் இருந்தால் பாராசிட்டமால் மட்டும் வாங்குங்கள். மூக்கு அடைத்தால் உப்புநீர் ஸ்பிரே. எல்லாம் ஒன்றில் என்று எழுதியிருக்கும் பெட்டி, உங்களுக்கு இல்லாத தொல்லைக்கும் சேர்த்து விலை வாங்குகிறது. அந்தப் பின்பக்க எழுத்தை முன்பக்க எழுத்தின் அளவுக்குப் பெரிதாக்கச் சட்டம் வரும்வரை இதை வருடத்துக்கு ஒருமுறை எழுதிக்கொண்டேதான் இருப்பேன்.

கேள்வி: சளி பச்சையாக வருகிறது. போன தடவை மிச்சமான அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை நான்கு இருக்கிறது. போடலாமா?

பதில்: கூடாது. ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது. வைரஸ் சளியும் பச்சையாக வரும், அது வெள்ளை அணுக்களில் உள்ள நொதியின் நிறம். அப்புறம், டாக்டர் முழுதாகச் சாப்பிடச் சொன்ன மருந்து எப்படி நான்கு மிச்சமாயிற்று?

கேள்வி: மூக்கில் விடும் சைலோமெட்டசோலின் சொட்டு மருந்து அற்புதமாக இருந்தது. இப்போது இரண்டு மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. போலி மருந்து வருகிறதா?

பதில்: மருந்து அசல்தான். எத்தனை மாதமாக விடுகிறீர்கள் என்று எழுதவில்லை, மாதக்கணக்கு என்று யூகிக்கிறேன். இதெல்லாம் மூன்று நாள், அதிகம் போனால் ஐந்து நாளுக்கான மருந்து. அதற்கு மேல் போனால் மருந்தே மூக்கை அடைக்க ஆரம்பிக்கும், நீங்கள் மறுபடி விடுவீர்கள், அது மறுபடி அடைக்கும். நிறுத்த வேண்டும். ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேயின் துணையோடு நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அது போட்டவுடன் திறக்காது, பல நாள் எடுக்கும். இரண்டாம் நாளே ‘இதுவும் வேஸ்ட்’ என்று எனக்குக் கடிதம் போட வேண்டாம்.

கேள்வி: மகளுக்கு ஆன்லைனில் நெபுலைசர் வாங்கினோம். சத்தமே இல்லை, நல்ல புகை வருகிறது. ஆனால் டாக்டர் எழுதிய பியூடெசோனைடு போட்டால் பலன் இல்லை.

பதில்: சத்தமே இல்லை என்கிறீர்களே, பெட்டியில் அல்ட்ராசோனிக் (காதுக்குக் கேட்காத ஒலி அதிர்வால் புகையாக்கும் வகை) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பியூடெசோனைடு நீரில் கரைவதில்லை, மிதக்கும் துகளாக இருக்கும். அல்ட்ராசோனிக் கருவி பெரும்பாலும் தண்ணீரைத்தான் புகையாக்கி அனுப்பும், மருந்து கிண்ணத்தில் தங்கிவிடும். காற்றை அழுத்தி அடிக்கும் கம்ப்ரஸர் வகை, சத்தம் போட்டாலும் வேலை செய்யும். நுண்துளைத் தகடு வழியாக மருந்தைப் புகையாக்கும் மெஷ் வகையும் சத்தமில்லாததுதான், சில மாதிரிகள் இந்த மருந்துக்கு ஒத்துவரும். ஆனால் ஒழுங்காகக் கழுவாவிட்டால் அதன் நுண்துளைகள் அடைபடும். என்னிடம் அப்படி அடைபட்ட ஒன்று காகிதம் பறக்காமல் வைக்கப் பயன்படுகிறது. வாங்கும் முன் டாக்டரிடம் ‘எந்த வகை’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். புகையின் அடர்த்தியைப் பார்த்து வாங்க இது மேடை நாடகத்துக்கான கருவி இல்லை. இன்னொன்று: இளைப்புக்கு ஸ்பேசரோடு கொடுக்கும் இன்ஹேலர், பெரும்பாலான நேரம் நெபுலைசருக்குச் சளைத்ததில்லை. அது கைப்பையிலும் அடங்கும்.

கேள்வி: அப்பாவுக்கு சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். இன்ஹேலர் கருவியோடு கொடுத்த கேப்சூல்களை மூன்று வாரமாக விழுங்கிக்கொண்டிருந்தார். முன்னேற்றம் இல்லையே என்று விசாரித்தபோதுதான் தெரிந்தது. திட்டித் தீர்த்துவிட்டோம்.

பதில்: அப்பாவைத் திட்டாதீர்கள். கேப்சூல் என்றால் விழுங்குவது என்றுதான் வாழ்நாள் முழுக்க அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கேப்சூலைக் கருவிக்குள் போட்டு, உள்ளே இருக்கும் பொடியை வாயால் இழுக்க வேண்டும். உலகம் முழுக்க இந்தக் குழப்பம் உண்டு. கருவியைக் கையில் கொடுத்தவர் ஒரே ஒரு தடவை செய்துகாட்டியிருக்க வேண்டும். போய்க் கேளுங்கள்: செய்துகாட்டச் சொல்லுங்கள், பிறகு அப்பா செய்வதை அவர் பார்க்கட்டும். திட்ட வேண்டும் என்றால் அங்கே திட்டுங்கள்.

கேள்வி: ஆஸ்துமாவை வேரோடு குணப்படுத்தும் மூலிகைப் பொடி என்று ஒருவரிடம் வாங்கினேன். முதல் வாரமே மூச்சு சீரானது. எட்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். இப்போது முகம் உப்பியிருக்கிறது, எடை கூடிவிட்டது, சர்க்கரையும் வந்துவிட்டது. கேட்டால் ‘நச்சு வெளியேறுகிறது’ என்கிறார். ஏமாந்துவிட்டேனா?

பதில்: அப்படித்தான் தெரிகிறது, மிகவும் வருந்துகிறேன். இதில் உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். மூச்சு முட்டுகிறவருக்கு ஒரு வாரத்தில் மூச்சு வந்தால் யார்தான் நம்பமாட்டார்கள்? மூலிகை என்று விற்ற பொடிகளில் டெக்சாமெத்தசோன், பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருந்தது பல நாடுகளில் பரிசோதனையில் பிடிபட்டிருக்கிறது. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அதற்கு அப்படியே பொருந்துகின்றன.

கோபத்தில் பொடியை இன்றே தூக்கி எறிந்துவிடாதீர்கள். நீண்டநாள் ஸ்டீராய்டு போன உடம்பு, தானே சுரக்க வேண்டியதைச் சுரப்பதை நிறுத்தியிருக்கும். திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. பொடியைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் போய் எட்டு மாதக் கணக்கையும் சொல்லுங்கள், படிப்படியாகக் குறைப்பதை அவர் பார்த்துக்கொள்வார். மிச்சப் பொட்டலம், உறை, பணம் அனுப்பிய விவரம், அவர் அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். உங்கள் பகுதி மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் எழுத்தில் புகார் கொடுத்து, பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: சின்னக் கேனில் ஆக்சிஜன் விற்கிறார்கள். சிஓபிடி உள்ள அம்மாவுக்கு வீட்டில் வைத்திருக்கலாமா?

பதில்: நான் ஒன்று வாங்கினேன். தும்மல் போலச் சில முறை சீறிவிட்டுத் தீர்ந்தது. ஐந்து லிட்டர் கேன் என்றால், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் இரண்டரை நிமிடம். உண்மையிலேயே நீண்டகால ஆக்சிஜன் தேவைப்படுபவர்களுக்கு டாக்டர்கள் எழுதுவது தினமும் 15 மணி நேரம், அதாவது அதே வேகத்தில் 1,800 லிட்டர், 360 கேன். தேவை என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தால், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். சிஓபிடியில் அளவுக்கு மீறிய ஆக்சிஜனும் கெடுதல் என்பதால் வேகத்தை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: வழக்கமான இன்ஹேலர் ஸ்டாக் இல்லை என்று, அதே மருந்து என்று சொல்லிப் பவுடர் இன்ஹேலர் கொடுத்தார்கள். கூடவே ஒரு ஸ்பேசரும் விற்றார்கள். சரியாகப் பொருந்தவில்லை.

பதில்: பொருந்தாது. ஸ்பேசர் என்பது அழுத்தி அடிக்கும் இன்ஹேலருக்கு. அதில் மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும். பவுடர் வகையில் வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். மருந்து ஒன்றாக இருந்தாலும் கருவி வேறு, பழக்கம் வேறு. டாக்டரைக் கேட்காமல் மாற்றியிருக்கக் கூடாது. ஸ்பேசரைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள். பில் வாங்கினீர்கள்தானே?