ஏ.ஆர்.டி. மாத்திரையும் கல்லீரலும்

கேள்வி: நான்கு ஆண்டுகளாக எச்.ஐ.வி.க்கு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை) மையத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். அண்மையில் எடுத்த பரிசோதனையில் எனக்கு ஹெபடைட்டிஸ் பி கிருமியும் இருப்பது தெரிந்தது. மாத்திரையால்தான் கல்லீரல் கெட்டது, சில மாதம் நிறுத்திவிட்டுக் கீழாநெல்லி சாப்பிடு என்கிறார் மாமா. மனைவிக்கு இரண்டு தொற்றும் இல்லை. நான் என்ன செய்வது?

பதில்: எக்காரணம் கொண்டும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஹெபடைட்டிஸ் பி மாத்திரையால் வருவதன்று, எச்.ஐ.வி.யைப் போலவே ரத்தம், பாலுறவு, பிரசவம் ஆகியவற்றின் வழியாகப் பரவுவது, பல ஆண்டுகள் அறிகுறியே காட்டாமல் உடலில் தங்கியிருக்கக்கூடியது.

வீட்டில் இருக்கும் மாத்திரை டப்பாவின் லேபிளைப் படித்துப் பாருங்கள். அரசு மையங்களில் பெரும்பாலோருக்குத் தரப்படும் ஒற்றை மாத்திரையில் டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டொலுடெகிராவிர் 50 மி.கி. சேர்ந்திருக்கும். இவற்றுள் முதல் இரண்டும் ஹெபடைட்டிஸ் பி கிருமியையும் அடக்குபவை என்பதால், உங்கள் மாமா குற்றம் சாட்டும் அதே மாத்திரைதான் இத்தனை நாளும் உங்கள் கல்லீரலைக் காத்து வந்திருக்கக்கூடும். அதைத் திடீரென நிறுத்தினால், அடங்கியிருந்த கிருமி மீண்டும் பெருகி, கல்லீரல் அழற்சி கடுமையாகி, சிலருக்குக் கல்லீரல் செயலிழப்பு வரை போய்விடும். கீழாநெல்லி இந்தக் கிருமியை அடக்கும் என்பது ஆய்வுகளில் உறுதிப்படவில்லை. மதுவை அறவே விடுவது அதைவிடப் பன்மடங்கு பயன் தரும்.

லேபிளில் டெனோஃபோவிர் இல்லையென்றால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஹெபடைட்டிஸ் பி.க்கு எதிராக லாமிவுடின் மட்டும் தனித்து நின்றால், இரண்டு தொற்றும் உள்ளவர்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தினருக்கு நான்கு ஆண்டுகளுக்குள் கிருமி அதற்கு வசப்படாமல் போய்விடுகிறது. பின்னாளில் சிறுநீரகத்தைக் கருதி டெனோஃபோவிரை மாற்ற நேர்ந்தாலும், ஹெபடைட்டிஸ் பி இருப்பதை நீங்களே நினைவூட்டுங்கள். என்டெகாவிர் போன்ற மாற்று மருந்தைச் சேர்க்காமல் அதை எடுத்துவிடக் கூடாது. கல்லீரல் சுருக்கம் இருந்தாலோ, குடும்பத்தில் யாருக்கேனும் கல்லீரல் புற்றுநோய் வந்திருந்தாலோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் அவசியம்.

ஒன்றாக உண்பதாலோ ஒரே தட்டைப் பயன்படுத்துவதாலோ மனைவிக்கு ஹெபடைட்டிஸ் பி பரவாது. ஆனால் சவர பிளேடு, பல்துலக்கி, நகவெட்டி தனித்தனியாக இருக்கட்டும். அவருக்கு எதிர்ப்புச் சக்தி உள்ளதா என்று பார்த்து, இல்லையென்றால் இப்போது ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று என மூன்று தடுப்பூசிகளையும் போடச் செய்யுங்கள். கடைசி ஊசிக்குப் பின் ஓரிரு மாதத்தில் மறுபடி பரிசோதித்து, எதிர்ப்புச் சக்தி உருவானது உறுதியாகும் வரையிலாவது ஆணுறையைத் தவறவிடாதீர்கள்.