பள்ளி கொடுத்த மின்னஞ்சலுக்கு வர வேண்டிய மெயில் ஸ்பேம் பெட்டியிலும் இல்லையே, எங்கே போயிருக்கும்?

உங்கள் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. கல்லூரி விண்ணப்பத்தில் பள்ளி கொடுத்த முகவரியைக் கொடுத்திருக்கிறார். கல்லூரி "அனுப்பிவிட்டோம்" என்கிறது. இன்பாக்ஸிலும் இல்லை, ஸ்பேமிலும் இல்லை. பள்ளிகளின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பதால், அட்மிஷன் காலம் வந்தாலே பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்பேம் பெட்டி என்பது வடிகட்டலின் கடைசிக் கட்டம். குப்பையாக இருக்கலாம், ஆனாலும் பயனரே பார்த்துக்கொள்ளட்டும் என்று சர்வர் விட்ட மெயில்தான் அங்கே வந்து சேரும். அதற்கு முன்பே நின்றுபோகும் மெயில்கள் உங்கள் கண்ணில் படவே படாது.

பள்ளிக் கணக்கு என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது ஸ்பேம் வடிகட்டியைக்கூட அல்ல. பல பள்ளிகள் கூகுள் ஒர்க்ஸ்பேஸையோ மைக்ரோசாஃப்ட் 365-ஐயோ பயன்படுத்துகின்றன. பள்ளி டொமைனுக்குள் (மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயர்) இருந்தும், நிர்வாகி அனுமதித்த சில முகவரிகளில் இருந்தும் மட்டுமே மாணவர்களுக்கு மெயில் வரலாம் என்று இவற்றில் பூட்டு போட முடியும். முகம் தெரியாதவர்களிடமிருந்து சின்னப் பிள்ளைகளைக் காக்க அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆறாம் வகுப்புக்குப் போட்ட பூட்டு பன்னிரண்டாம் வகுப்பு வரை அப்படியே தொடர்ந்தால், கல்லூரி, உதவித்தொகை, நுழைவுத்தேர்வு என்று எல்லா மெயிலும் வெளியிலேயே நின்றுவிடும். அனுப்பியவருக்கு ஒரு மறுப்பு மெயில் திரும்பிப் போகும். கல்லூரி 'நோ ரிப்ளை' முகவரியிலிருந்து அனுப்பியிருந்தால், அந்த மறுப்பைத் திறந்து பார்க்க அங்கே பெரும்பாலும் ஆள் இருக்காது. மேல்வகுப்பு மாணவர்களுக்கு இந்தப் பூட்டைத் தளர்த்தியே ஆக வேண்டும் என்று நான் எல்லாப் பள்ளியிலும் சொல்லி வருகிறேன்.

சரி, அப்படிப் பூட்டு எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரு மெயில் வரும்போது அனுப்பும் சர்வர் பள்ளியின் மெயில் சர்வரை அழைத்து, யாரிடமிருந்து, யாருக்கு என்று முதலில் சொல்ல வேண்டும். உள்ளடக்கம் வருவதற்கு முன்பே, பள்ளி சர்வர் 5-ல் தொடங்கும் ஒரு எண்ணைச் சொல்லி நிரந்தரமாக மறுக்கலாம். 4-ல் தொடங்கும் எண் சொன்னால் 'பிறகு வா' என்று பொருள். அழைக்கும் சர்வரின் ஐ.பி. முகவரி (இணையத்தில் அதை அடையாளம் காட்டும் எண்) ஸ்பேம்ஹவுஸ் போன்ற தடுப்புப் பட்டியல்களில் இருக்கிறதா என்ற சோதனையும் இந்த இடத்தில்தான். சில பள்ளிகள் தாங்களே சர்வர் வைத்திருக்கும். அங்கே கிரேலிஸ்டிங் என்ற முறையும் இருக்கலாம்: முதல்முறை வரும் அனுப்புநரை 'பிறகு வா' என்று திருப்பி அனுப்புவார்கள். ஒழுங்கான சர்வர் சில நிமிடங்களில் மறுபடி முயலும், ஸ்பேம் அனுப்பும் நிரல்கள் பெரும்பாலும் முயலாது. ஓ.டி.பி. தாமதமாக வந்து காலாவதியாகிப் போவதற்கு இது ஒரு காரணம்.

அடுத்தது அடையாளச் சோதனை. ஒரு டொமைனின் பெயரில் எந்தெந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியலுக்கு எஸ்.பி.எஃப். என்று பெயர். மெயில் வழியில் மாறவில்லை என்று காட்டும் மின்கையொப்பம் டிகிம். இரண்டிலும் தேறாத மெயிலை என்ன செய்யலாம் என்று டொமைன்காரரே அறிவிப்பது டிமார்க். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் இதில் கண்டிப்பாக இருக்கிறது: தனிநபர் ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் மெயில் அனுப்புவோர் மூன்றையும் வைத்திருக்க வேண்டும், குறைவாக அனுப்புவோரும் முதல் இரண்டில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும். சின்னக் கல்லூரிகளும் அறக்கட்டளைகளும் மலிவான ஹோஸ்டிங்கில் இருக்கும் இணையதளப் படிவத்திலிருந்தே மெயில் அனுப்பும்போது இந்த அடையாளச் சோதனையில்தான் மாட்டுகிறார்கள். பள்ளி தன் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு மெயிலைத் திருப்பிவிட்டிருந்தாலும் சிக்கல்தான். இடையில் இருக்கும் சர்வர் அனுப்பியவரின் பட்டியலில் இருக்காது என்பதால் எஸ்.பி.எஃப். தோற்கும். போகிற வழியில் 'இது வெளியிலிருந்து வந்த மெயில்' என்று ஒரு வரியையும் சேர்த்தால் டிகிம் கையொப்பமும் செல்லாமல் போகும். நல்ல மெயில் ஒன்று கள்ள மெயிலாகத் தெரிய இவ்வளவு போதும்.

உள்ளடக்கத்தைப் படித்து மதிப்பெண் போடுவது இதற்கெல்லாம் பிறகுதான். ஸ்பேம்அசாசின் என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. வழக்கமான அமைப்பில் கூட்டுத்தொகை 5-ஐத் தொட்டால் அது ஸ்பேம். அதிலுள்ள பேயீசியன் முறை, பயனர்கள் ஸ்பேம் என்றும் நல்லது என்றும் குறித்த மெயில்களிலிருந்து சொற்களைக் கற்றுக்கொள்கிறது. பள்ளி முழுவதற்கும் ஒரே கற்றல் கோப்பு இருந்தால், சுற்றறிக்கை தொல்லையாக இருக்கிறது என்று சில ஆசிரியர்கள் அதை ஸ்பேம் என்று குறிப்பது மற்ற எல்லோரையும் பாதிக்கும். இன்னொன்று: எந்த மொழி மெயில் வரலாம் என்று குறிக்கும் வசதியும் இந்த மென்பொருளில் இருக்கிறது. நிர்வாகி அதில் ஆங்கிலம் மட்டும் வைத்துவிட்டால், தமிழில் எழுதிய மெயிலுக்கு மொழிக்காகவே மதிப்பெண் ஏறும். தமிழில் பெற்றோர் எழுதும் பள்ளியில் அப்படி ஓர் அமைப்பு இருக்கவே கூடாது.

இனி குவாரண்டைன். சந்தேக மெயில்களைப் பயனருக்கு விடாமல் நிர்வாகியின் கண்காணிப்பில் நிறுத்திவைக்கும் இடம் இது. கூகுளில் 30 நாள் இருக்கும், அப்புறம் போய்விடும். ஆகவே தாமதிக்க வேண்டாம். கல்லூரி எந்த முகவரியிலிருந்து, எந்தத் தேதியில், ஏறத்தாழ எத்தனை மணிக்கு, என்ன தலைப்பில் அனுப்பியது என்று கேட்டு வாங்கி, பள்ளியின் கணினி நிர்வாகியிடம் கொடுங்கள். அந்த மெயில் சேர்ந்ததா, மறுக்கப்பட்டதா, நிறுத்திவைக்கப்பட்டதா என்று சர்வர் பதிவில் தேடச் சொல்லுங்கள். "ஸ்பேமில் பாருங்கள்" என்ற பதிலோடு திரும்பி வந்துவிடாதீர்கள். வகுப்பாசிரியரால் இதைப் பார்க்க முடியாது, நிர்வாகியால் முடியும்.

மகளிடம் ஒன்று சொல்லி வையுங்கள். பள்ளி டொமைனுக்குள்ளிருந்து வரும் மெயிலை வடிகட்டிகள் பொதுவாக அதிகம் சந்தேகிப்பதில்லை. ஒரு மாணவர் போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டால், அவருடைய கணக்கிலிருந்து வகுப்பு முழுவதற்கும் அதே வலை போகும். நண்பரின் பெயரிலேயே வந்தாலும், பாஸ்வேர்ட் கேட்கும் இணைப்பைத் திறக்கக் கூடாது. இருபடிச் சரிபார்ப்பைப் பள்ளி அனுமதித்தால் உடனே போட்டுக்கொள்ளட்டும்.

விண்ணப்பத்தில் தந்த முகவரியை மாற்ற முடிந்தால், கல்லூரிக்குத் தொலைபேசியில் சொல்லி அவருடைய சொந்த ஜிமெயில் முகவரிக்கு இன்றே மாற்றிவிடுங்கள். படிப்பு முடிந்த சில மாதங்களில் பல பள்ளிகள் மாணவர் கணக்கை மூடிவிடும். அட்மிஷன் கடிதங்களோ அதற்குப் பிறகும் வந்துகொண்டிருக்கும்.