1931 பாட்டுக்கு 'ஒரிஜினல் எல்பி' ஏது?

கேள்வி: கிட்டார்க்காரர் எரிக் கிளாப்டன், பீட்டில்ஸ் கேட்டு வளர்ந்தவன். அதிகம் பேசப்படாத ப்ளூஸ், ஃபோக், ஜாஸ் பாடல்களைக் கேட்க ஆசை. பாட்டு கேட்கிற ஆப் தெரிந்த பாட்டையே திரும்பத் திரும்பப் போடுகிறது. தெரிந்தவர் ஒருவர் 1930கள் முதல் 1950கள் வரையிலான 40 'அரிய ஒரிஜினல்' எல்பிகளை (பக்கத்துக்குப் பல பாட்டு கொள்ளும் பெரிய இசைத்தட்டு) 35,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். காரணத்தை அப்புறம் சொல்கிறேன், முதலில் பாட்டு.

பிடித்த பாட்டிலிருந்து பின்னோக்கிப் போங்கள். கிளாப்டன் இருந்த கிரீம் குழுவின் 1966 ஆல்பத்தில் 'ஐம் ஸோ கிளாட்' இருக்கிறதே, அதை எழுதியவர் ஸ்கிப் ஜேம்ஸ். 1931-ல் விஸ்கான்சின் மாநிலத்து கிராஃப்டனில் பாரமவுண்ட் லேபிளுக்காக, அதாவது இசைத்தட்டு வெளியிடும் கம்பெனிக்காகப் பாடினார். சினிமா கம்பெனி இல்லை, நாற்காலி செய்கிற கம்பெனி ஒன்று பக்கத்தொழிலாக நடத்திய லேபிள். மட்டமான அரக்கில் தட்டு போட்டதால் சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி இரைச்சல். சத்தத்தைக் குறைத்து, சின்ன ஸ்பீக்கரில் மூன்று தடவை கேளுங்கள், காது பழகிவிடும், அப்போதுதான் அந்த கிட்டார் ஓடுகிற வேகம் தெரியும்.

ஆப்பில் 1931 என்று தேடினால் கிடைக்காது, 2008, 2015 என்று ஏதோ தொகுப்பு வந்த வருஷம்தான் இருக்கும். எழுதியவர் பெயரைப் பார்க்க நாலு இடம் தட்ட வேண்டும். இவ்வளவு சம்பாதிக்கிறவர்களுக்கு ஒரு வருஷத்தை ஒழுங்காகப் போட வலிக்கிறது!

ஒரே ஆள் வயதான பிறகு மறுபடி பாடியதும் அதே பெயரில் கலந்து கிடக்கும். முதல் ஒலிப்பதிவையே தேடுங்கள். விலக்கு என்றால் மிசிசிப்பி ஜான் ஹர்ட். 1928-ல் ஓகே (OKeh) என்ற லேபிளுக்குப் பாடிவிட்டு ஊரோடு விவசாயம் பார்க்கப் போனவர். 'அவலான் ப்ளூஸ்' பாட்டில் அவலான் என் சொந்த ஊர் என்று அவரே பாடியிருந்ததை வைத்து 1963-ல் ஒருவர் தேடிப்போனால், ஆள் அங்கேயே இருக்கிறார். எழுபதை நெருங்கிய வயதிலும் கிட்டாரில் விரல் வாசிப்பு சுத்தம். குரல் இன்னும் கனிந்திருக்கிறது, ஒலிப்பதிவும் தெளிவு. ஃபோக் ரசிகர்கள் கொண்டாடியது இந்த ஹர்ட்டைத்தான். அதனால் இவரை மட்டும் 1963-க்குப் பிந்தையதிலிருந்து தொடங்குங்கள், 1928 பதிவுகளை அப்புறம் கேளுங்கள்.

ஜாஸில் ஹெர்பி நிக்கல்ஸ். 1955, 56-ல் ப்ளூ நோட் லேபிளுக்கு வாசித்த பியானோக்காரர், 1963-ல் சாகும்வரை பெரிதாகக் கண்டுகொள்ள ஆளில்லை.

சரி, அந்த 40 எல்பி. எல்பி சந்தைக்கு வந்ததே 1948-ல், 1931 பாட்டுக்கு ஒரிஜினல் எல்பி எங்கிருந்து வரும்? அது நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டு, பக்கத்துக்கு மூன்று நிமிஷம். இன்னொன்று, ஐரோப்பாவில் 1962 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு உரிமை காலாவதி. எவர் வேண்டுமானாலும் சிடியிலிருந்தே எடுத்துப் புதுத் தட்டு போட்டு '180 கிராம்' என்று ஸ்டிக்கர் ஒட்டலாம். அது சட்டப்படி சரிதான், அதை இடைத்தரகர் 'அரியது' என்று உங்கள் தலையில் கட்டுவதுதான் மோசம். எடை கூடினால் பாட்டு இனிக்காது.

ஆசை விடவில்லை என்றால், தட்டில் பாட்டு முடிகிற இடத்துக்கும் நடுவில் ஒட்டிய லேபிள் காகிதத்துக்கும் இடையே உள்ள வெற்று வளையத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஐம்பதுகளின் ப்ளூ நோட் அசல் என்றால் அங்கே காது மாதிரி ஒரு சின்னக் கிறுக்கல் இருக்கும். போட்டோ வரும் வரை அட்வான்ஸ் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.