பாக்டீரியா தன் சுவரைத் தானே ஏன் வெட்டுகிறது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். கல்லூரியில் நுண்ணுயிரியல் முதலாண்டு. அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். போன மாதம் பாறை கிழித்து, காலில் சீழ் வைத்து, காய்ச்சலும் வந்துவிட்டது. டாக்டர் செஃபலெக்சின் மாத்திரை கொடுத்தார். அது பாக்டீரியாவின் செல்சுவரைக் குறிவைக்கிற மருந்து என்று பாடத்தில் படித்தேன். தன் சுவரை வெட்டுகிற நொதிகளை பாக்டீரியாவே வைத்திருக்கிறது என்றும் அதே பாடத்தில் இருக்கிறது. தன்னையே கொல்லும் ஆயுதத்தை ஓர் உயிர் எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும்? அம்மாவின் மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அம்மாவின் கால் நன்றாக ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். சம்பந்தம் உண்டு, நிறையவே உண்டு. ஆனால் முதலில் 'ஆயுதம்' என்ற எண்ணத்தை விட்டுவிடு. அந்த நொதிகள் இல்லாமல் பாக்டீரியாவால் வளரவே முடியாது.

செல்சுவர் பெப்டிடோகிளைக்கானால் ஆனது. நீள நீளமான சர்க்கரை இழைகள், அவற்றைக் குறுக்கே பிணைக்கும் குட்டிப் பெப்டைடுகள். எல்லாம் சேர்ந்து செல்லைச் சுற்றி ஒரே வலையாக நிற்கின்றன. உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்தை இந்த வலைதான் தாங்குகிறது. சில கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்களில் (கிராம் சாயம் ஏற்றினால் ஊதாவாகத் தெரியும், தடித்த சுவருள்ள வகை) அந்த அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல 20 மடங்கு. இவ்வளவு அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டே செல் நீளவும் வேண்டும், இரண்டாகப் பிரியவும் வேண்டும். உங்கள் கரையில் வலை பொத்துகிறவர்களைப் பார்த்திருப்பாய். வலையின் நடுவே புதுக் கண்ணிகளைச் சேர்க்க வேண்டுமென்றால் பழையதைக் கொஞ்சம் அறுத்தாக வேண்டும். கத்தியும் ஊசியும் சேர்ந்தே வேலை செய்கின்றன. காலரா கிருமியில் இப்படி வெட்டும் நொதிகளில் முக்கியமான இரண்டைச் சேர்த்து நீக்கிப் பார்த்திருக்கிறார்கள். அது வளர முடியாமல் செத்துப்போகிறது.

இப்போது மாத்திரைக்கு வருவோம். பென்சிலினும் அதன் உறவான செஃபலெக்சினும் சுவரை நேரடியாக உடைப்பதில்லை. புது இழைகளைப் பிணைக்கும் நொதிகளைத்தான் முடக்குகின்றன. பிணைப்பு நின்றும் வெட்டு தொடர்கிறது, சுவர் பலவீனமாகிச் செல் வெடிக்கிறது. இதைத் துலக்கமாகக் காட்டியது 1970இல் அலெக்சாண்டர் டோமாஸ் குழு செய்த சோதனை. நிமோனியா தரும் நிமோகாக்கஸில் வெட்டும் நொதி குறைபட்ட ஒரு வகையை எடுத்து பென்சிலின் கொடுத்தார்கள். அதன் வளர்ச்சி நின்றது, ஆனால் செல்கள் வெடிக்கவில்லை. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த சோதனை இதுதான். மருந்து பாதி வேலையைத்தான் செய்கிறது, மீதியைக் கிருமியே செய்து முடிக்கிறது!

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். வளராமல் முடங்கிக் கிடக்கும் கிருமியில் இந்த வெட்டும் அடங்கியிருக்கும். அதனால் அதன்மேல் இந்த மருந்துகள் சரியாக வேலை செய்வதில்லை. காலரா கிருமி இன்னும் கெட்டிக்காரத்தனமானது. பென்சிலின் வகை மருந்தில் சுவரை இழந்து உருண்டையாகி, சாகாமல் காத்திருந்து, மருந்து விலகியதும் மறுபடி சுவர் கட்டிக்கொள்கிறது. காய்ச்சல் விட்டதும் மாத்திரையை அம்மாவாக நிறுத்தக் கூடாது, எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்லட்டும். அப்புறம், கடலில் பட்ட காயம் சிவந்து வேகமாகப் பரவினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். விப்ரியோ வல்னிஃபிகஸ் போன்ற கடல் கிருமிகள் சில மணி நேரத்திலேயே சதையை அழிக்கக்கூடியவை. சர்க்கரை நோயோ கல்லீரல் கோளாறோ இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

வெட்டிய துண்டுகள் எங்கே போகின்றன என்பதையும் நீ கேட்டிருக்கலாம். குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா அவற்றில் பெரும்பகுதியை உள்ளே இழுத்து மறுபடி பயன்படுத்துகிறது. கக்குவான் இருமல் கிருமி அப்படிச் செய்யாமல் வெளியே விட்டுவிடுகிறது. அந்தச் சுவர்த்துண்டு நம் மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளும் மெல்லிய மயிரிழைச் செல்களைச் சாகடிக்கிறது. குழந்தை வாரக்கணக்கில் இருமித் தவிப்பதில் இதற்கும் பங்கு உண்டு. நம் உடலும் இந்தத் துண்டுகளை வைத்தே கிருமியை அடையாளம் காண்கிறது. நிமோகாக்கஸ் மூளைக்காய்ச்சலில் ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸுக்கு முன்போ கூடவோ அழற்சியை அடக்கும் டெக்சாமெத்தசோன் மருந்தைக் கொடுப்பது இதனால்தான். கிருமிகள் ஒரே நேரத்தில் வெடித்து உடைசல்கள் கொட்டும்போது எழும் அழற்சியே மூளையைக் கெடுத்துவிடும்.

இதை நீயே பரிசோதனைக்கூடத்தில் பார்க்கலாம். கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவை வளர்த்து நாளான பழைய கல்ச்சரில் கிராம் சாயம் ஏற்றினால் ஊதாவாகத் தெரிய வேண்டியது பல நேரம் இளஞ்சிவப்பாகத் தெரியும். தன் நொதியால் சுவர் தேய்ந்துபோனதுதான் காரணம். நிமோகாக்கஸைக் கண்டுபிடிக்கச் செய்யும் பித்த உப்புச் சோதனையையும் உன் ஆசிரியரிடம் கேட்டு, அவர் செய்துகாட்டும்போது பக்கத்தில் நின்று பார். சோடியம் டிஆக்சிகோலேட் என்ற பித்த உப்பை விட்டதும் அந்த வெட்டும் நொதி தூண்டப்பட்டு, கிருமிகளால் கலங்கலாக இருந்த குழாய் கண்ணெதிரே தெளியும்.

அன்புடன்,
அக்கா